பிரெஞ்சா, ஜெர்மனா? மொதல்ல எந்த ஊருன்னு சொல்லுங்க

கிளாஸ்ல சேர வர்றவங்க எடுத்ததும் கேக்குறது "எது சார் ஈஸி?"ங்கறதுதான். எந்த ஊருக்குப் போறீங்க, அங்க என்ன வேலைன்னு நான் திருப்பிக் கேட்டா பாதிப் பேருக்கு பதில் வராது, "பிரெஞ்சு நிறைய நாட்டுல பேசுறாங்களாமே"ம்பாங்க.

நெசந்தான். பிரான்ஸ், பெல்ஜியத்துல பாதி, கனடாவுல கியூபெக், அப்புறம் செனகல், ஐவரி கோஸ்ட், காங்கோன்னு ஆப்பிரிக்காவுல நீளமா போகும், அதெல்லாம் காலனி காலத்து மிச்சம். ஜெர்மனிக்கும் கேமரூன், நமீபியா பக்கம் காலனி இருந்துச்சு, ஆனா முதல் உலகப்போர்ல தோத்ததும் எல்லாம் கைவிட்டுப் போச்சு. அதனால ஜெர்மனி, ஆஸ்திரியா, லிச்சென்ஸ்டைன், சுவிஸ், இத்தாலியோட வடக்கு ஓரம்னு ஜெர்மன் பெரும்பாலும் ஐரோப்பாவுக்குள்ளயே இருக்கு. ஆனா ஐரோப்பிய யூனியன்ல தாய்மொழியா பேசுறவங்கள எண்ணுனா ஜெர்மன்தான் முதல்ல வரும், இத யாரும் கவனிக்கிறதில்ல.

பெரிய குழப்பமே சுவிஸ்லதான். ஜெனீவா, லொசான் பிரெஞ்சு, சூரிச், பாசெல் ஜெர்மன். பிரெஞ்சு கத்துக்கிட்டு சூரிச்ல வேலை வாங்குனவங்க மறுபடி ஜெர்மன்ல ஏ1ங்கற முதல் படிலேர்ந்து ஆரம்பிச்சத பாத்திருக்கேன். ஜெர்மன் படிச்சுட்டுப் போறவங்களும் மொதல்ல முழிப்பாங்க, ஏன்னா ஆபீஸ்ல எழுதுறது புக் ஜெர்மன், ஆனா டீ பிரேக்ல அவங்களுக்குள்ள பேசுறது சுவிஸ் ஜெர்மன், அது காதுக்கு வேற பாஷை மாதிரியே இருக்கும்.

ஈஸி கேள்விக்கும் வர்றேன். ஜெர்மன்ல எழுதுனபடி படிச்சுடலாம், துணை வாக்கியத்துல வினை கடைசில வர்றது நமக்குப் பழக்கம்தான், ஆனா மூணு பால், நாலு வேற்றுமைன்னு முதல் வருஷம் உயிர எடுத்துடும். பிரெஞ்சுல பால் ரெண்டுதான், ஆனா எழுத்துல பாதி வாய்ல வராது, அதனால எழுதுறதுல தேறிட்டு லிஸனிங்ல கோட்டை விடுறவங்க ஜாஸ்தி.

ஜெர்மனில நர்ஸ் வேலைன்னா பெரும்பாலும் பி2, அதாவது ஏ1லேர்ந்து எண்ணுனா நாலாவது படி, கேப்பாங்க, இங்கிலீஷ்லயே மாஸ்டர்ஸ் படிச்சாலும் பார்ட் டைம் வேலைக்கு ஜெர்மன் இல்லாம கஷ்டம். கனடாவுல 2023லேர்ந்து பிரெஞ்சு தெரிஞ்சவங்களுக்குத் எக்ஸ்பிரஸ் என்ட்ரில, அதாவது அங்க குடியேற புள்ளி போட்டு ஆள் எடுக்குற முறைல, தனியா டிரா நடத்துறாங்க, ஆனா அதுக்கு படிக்க, எழுத, பேச, கேக்க நாலுலயும் கனடாவோட பிரெஞ்சு அளவுகோல்ல லெவல் 7 வேணும், ஸ்கூல்ல மார்க்குக்காக எடுத்த பிரெஞ்சு அதுக்குப் பக்கத்துலகூட வராது. மூணே மாசத்துல பி2ன்னு எந்த ஏஜென்ட் சொன்னாலும் மொத்த ஃபீஸையும் முன்னாடியே கட்டாதீங்க.