உப்புக்காற்றில் கிடந்த பேஸ் கிற்றார்

மட்டக்களப்பில் பழைய பேஸ் கிற்றார் ஒன்று கைமாறும்போது விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதன் பெயின்ற்தான். பளபளப்பாக இருந்தால் ஒரு விலை, உரிந்திருந்தால் அதில் பாதி. ஒலியைப் பொறுத்தவரை இதைவிடப் பொருத்தமில்லாத அளவுகோல் கிடையாது. 1960களின் கடைசியிலும் 70களிலும் ஜப்பானில் செய்யப்பட்ட மலிவு ரகங்களைத்தான் சொல்கிறேன்: ஒட்டுப்பலகை உடல், நாலு ஸ்குறூவில் பூட்டிய கழுத்து, தலையில் அரைகுறையாக உரிந்த ஒரு பெயர். அந்தப் பெயரையும் நம்ப வேண்டியதில்லை. டெய்ஸ்கோ போன்ற தொழிற்சாலைகள் ஒரே கிற்றாரில் இறக்குமதிக்காரர் கேட்ட பெயரையெல்லாம் ஒட்டி அனுப்பிய காலம் அது.

இப்படியொரு பேஸ், ஆலய மண்டபத்திலோ கலைந்துபோன இசைக்குழுக்காரர் வீட்டு அலுமாரியின் மேலோ வருடக்கணக்காகக் கிடந்திருக்கும். அம்பிளிபயரில் மாட்டினால் இரைச்சல், கரகரப்பு, அல்லது எதுவுமே இல்லை. செத்துப்போச்சு என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆனால் ஒலியைப் பிடிக்கும் பகுதி கெட்டுப்போவது அபூர்வம். கெடுவது இணைப்புகளும் மரமும். இரண்டையும் கெடுப்பது நம்முடைய காற்று.

கல்லடி, நாவலடி, டச்பார் எல்லாம் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றிலேயே காய்ந்து, உப்புத் துகளாகி வீட்டுக்குள் வந்து படிகின்றன. காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைட்டு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டு இன்னும் மோசம். அதற்கு 33 சதவீதமே போதும். மாரியில் குசினி உப்புப் போத்தல் கசிகிறதல்லவா, கிற்றாரின் உலோகப் பாகங்களின் மேலும் இரவு நேரங்களில் அதேபோல ஓர் ஈரப்படலம் உருவாகிறது. அந்தப் படலம் மின்னைக் கடத்தும். போதாக்குறைக்கு, உலோகத்தைக் காக்கும் மெல்லிய ஒட்சைட்டுப் படையைக் குளோரைட்டு அயன்கள் இடையிடையே உடைத்துவிடும். குரோம் முலாம் துருப்பிடிப்பதில்லை, உண்மைதான். ஆனால் முலாத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டு. அவற்றின் வழியே கீழே உள்ள உருக்குக்கு உப்புநீர் போய்ச் சேர்கிறது. மேலே முலாம் மினுங்க, நடுவில் செம்புள்ளிகள் தோன்றுவது இப்படித்தான்.

கழுத்தைக் கழற்றும்போதுதான் இதன் முழு விளைவும் தெரியும். இரும்பு துருவாகும்போது அதன் கனவளவு இரண்டு மடங்குக்கு மேல் பெருகும். மரத்துக்குள் இருக்கும் ஸ்குறூ துருப்பிடித்தால் அது தளராது, இன்னும் இறுகும். அவசரப்பட்டுத் திருப்பினால் தலை முறிந்து, உடம்பு உள்ளே நின்றுவிடும். துருநீக்கி எண்ணெய் விடலாமே என்று தோன்றும். வேண்டாம். மரம் அதைக் குடித்துவிடும். பிறகு அந்த இடத்தில் பசையும் பிடிக்காது, பெயின்ற்றும் பிடிக்காது. நல்ல வழி, ஈயம் பற்றவைக்கும் கோலின் சூடான நுனியை ஸ்குறூவின் தலையில் ஓரிரு நிமிடம் அழுத்திப் பிடிப்பது. சூட்டில் உருக்கு விரியும், ஆறும்போது சுருங்கும், அந்த அசைவில் துருவின் பிடி உடைந்துவிடும். ஆறியதும், தலையிலுள்ள வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் திருப்பியால், முதலில் கொஞ்சம் இறுக்கும் பக்கமாகத் திருப்பி, பிறகு கழற்றும் பக்கம் திருப்ப வேண்டும். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டால் வேலை முடிந்த மாதிரி.

கழற்றிய உருக்குச் சாமான்களை வினாகிரியில் ஊறவைத்தால் துரு கரையும். பிறகு அப்பச்சோடா கரைத்த நீரில் கழுவி, உடனே துடைத்து எண்ணெய் தடவ வேண்டும். மலிவுக் கிற்றார்களின் சில பாகங்கள் உருக்கே அல்ல, நாகம் (துத்தநாகம்) கலந்த உலோக வார்ப்பு. வினாகிரி துருவை விட வேகமாக நாகத்தைத் தின்னும். காந்தம் ஒட்டாத சாமானை ஊறப்போட வேண்டாம்.

இனி மின்பகுதி. பேஸ் கிற்றாரின் பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளும்தான், வேறொன்றும் இல்லை. கம்பியின் தடிப்பு 0.06 மில்லிமீற்றர் அளவில் இருக்கும், சுற்றுகள் ஆயிரக்கணக்கில். காந்தம் மேலே உள்ள உருக்குத் தந்தியையும் காந்தமாக்குகிறது. தந்தி அசைந்தால் சுருளின் ஊடான காந்தப்பாயம் மாறும். பாயம் மாறினால் சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படும். 1831இல் மைக்கல் பரடே கண்டறிந்த அதே விதி. இதில் தேய்வதற்கு எதுவுமில்லை. நிலையான காந்தம் சும்மா கிடந்து தன் வலிமையை இழக்க மிக நீண்ட காலம் வேண்டும். பிக்கப் மௌனமாகிவிட்டால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. மல்ரிமீற்றரில் மின்தடையைப் பாருங்கள். சில ஆயிரம் ஓமிலிருந்து பத்தாயிரம் ஓம் சொச்சம் வரை காட்டினால் சுருள் உயிரோடிருக்கிறது. முடிவிலி காட்டினால், சுருளைக் குப்பையில் போடுமுன் அதன் இரு முனைகளையும் பூதக்கண்ணாடியால் பார்ப்பது நல்லது. சுருள் கம்பி வெளிக்கம்பியோடு ஈயத்தால் சேரும் இடத்தில்தான் உப்பும், ஈயம் வைக்கப் பூசிய பழைய பசையின் கழிவும் சேர்ந்து செம்பை அரிக்கும். அந்தப் பச்சைப் புள்ளி கண்ணுக்குத் தெரியும். ஒரு சுற்றை மெதுவாக அவிழ்த்து, எனாமல் பூச்சைச் சுரண்டி, மறுபடி ஈயம் வைத்தால் பல பிக்கப்கள் எழுந்துவிடும்.

இரைச்சலுக்கு வேறு கதை. சுருளுக்குத் தன் தந்தி எது, சுவருக்குள் ஓடும் மின்கம்பி எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது; மாறும் காந்தப்புலம் எதுவானாலும் அது பாடும். இலங்கையில் மின்சாரத்தின் மீடிறன் 50 ஹேர்ட்ஸ். பேஸின் தடித்த ஈ தந்தியில் மூன்றாவது ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) வரும் ஜி சுரம் 49 ஹேர்ட்ஸ். மின்னிரைச்சலில் வலுவாகக் கேட்பது அதன் இரட்டிப்பான 100 ஹேர்ட்ஸ். திறந்த ஜி தந்தியோ 98. இரண்டும் ஒன்றாக ஒலித்தால் வினாடிக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும் ஒரு துடிப்பு எழும். தந்தி சுருதி விலகிவிட்டதென்று நினைத்து முறுக்கியை முறுக்கியபடி இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பாவம், தந்தி சரியாகத்தான் இருக்கிறது.

இந்தக் காந்த இரைச்சலை ஒற்றைச் சுருள் பிக்கப்பிலிருந்து முழுதாக நீக்க முடியாது. ஆனால் தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைகிறதா என்று பார்ப்பது பயனுள்ளது. குறைந்தால், தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் போகும் மண்கம்பி நல்லாயிருக்கிறது, உங்கள் உடம்பு பிடித்துவரும் மின்புலத்தை அது மண்ணுக்கு அனுப்புகிறது. தந்தியைத் தொட்டும் ஒரு மாற்றமும் இல்லை, பிளக்கின் உலோகத்தைத் தொட்டால்தான் குறைகிறது என்றால், பிரிட்ஜின் அடியில் அந்தக் கம்பி துருவில் விட்டுப்போயிருக்கும். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருப்பும்போது வரும் கரகரப்போ, உள்ளே இருக்கும் கரித்தடத்தில் படிந்த அழுக்கு. தொடுகை துப்புரவாக்கும் ஸ்ப்ரேயை ஒரு பீச்சு பீச்சி, இருபது முப்பது தடவை முன்னும் பின்னும் திருப்பினால் பெரும்பாலும் போய்விடும்.

கழுத்து வேறு ரகம். அது தினமும் பாரம் சுமக்கிறது. தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலமான பேஸில் நாலு தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 முதல் 80 கிலோ வரை இழுக்கும். மலிவு ரகங்களில் பல 30 அங்குலம். அதே தந்தி, அதே சுருதி என்றால் இழுவை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. சின்னப் பேஸின் தந்தி தொளதொளவென்று இருப்பது பழுதல்ல, இயற்பியல். இந்த இழுவையை எதிர்க்கத்தான் கழுத்துக்குள் ஓர் உருக்குக் கம்பி ஓடுகிறது. 1920களில் கிப்சன் நிறுவனத்தில் பிறந்த ஏற்பாடு அது. கம்பியின் நட்டை முறுக்கினால் கழுத்து பின்னால் வளைய முயன்று தந்தியின் இழுவையைச் சமன் செய்யும். தந்தியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தி, ஏழாவது ஃபிரெட்டுக்கும் தந்திக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.3 மில்லிமீற்றர் அளவில் இருந்தால் நல்லது. ஒரு தடவைக்குக் கால் திருப்புக்கு மேல் வேண்டாம். திருப்பிவிட்டு அடுத்த நாள் அளவுங்கள். நட் அசைய மறுத்தால் பலம் காட்டாமல் நிறுத்துவதுதான் புத்தி. உள்ளே கம்பி முறிந்தால் கழுத்தையே பிளக்க வேண்டிவரும்.

இங்கேதான் மாரியில் வீசும் வடகீழ்க் காற்றான வாடையும், தென்மேல் காற்றான கச்சானும் வருகின்றன. மரம் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். மாரியில் ஈரப்பதன் 80 சதவீதத்தில் நாள்கணக்காக நின்றால் மரத்தின் ஈரம் 16 சதவீதத்தை நெருங்கும். வைகாசியிலிருந்து கச்சான் மலைகளைத் தாண்டி, ஈரத்தை அங்கே இறக்கிவிட்டு, சூடாகவும் உலர்ந்தும் இந்தப் பக்கம் இறங்கும். பகலில் ஈரப்பதன் 50 அளவுக்கு வந்து அப்படியே நீடித்தால் மரம் 9 சதவீதத்தை நோக்கி வற்றும். நார் ஓடும் திசையில் மரம் அநேகமாகச் சுருங்காது, குறுக்கேதான் சுருங்கும். 50 மில்லிமீற்றர் அகலமான விரற்பலகை கால் முதல் அரை மில்லிமீற்றர் வரை ஒடுங்கும். ஃபிரெட்டோ உலோகம், ஒடுங்காது. ஆகவே அதன் முனைகள் பலகையை விட்டு வெளியே நீட்டி, கச்சான் காலத்தில் இடது கையைக் கீறும். இந்த முனைகளை மெல்லிய அரத்தால் சாய்வாகத் தேய்ப்பதென்றால் கச்சானிலேயே தேய்க்க வேண்டும். மாரியில் தடவிப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும்.

பெயின்ற்றைக் கடைசிக்கு விட்டதற்குக் காரணம் இருக்கிறது. பிக்கப் உணர்வது உருக்குத் தந்தியின் அசைவை. கெட்டி உடலுள்ள மின்கிற்றாரில் மேற்பூச்சு மாறினால் காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியப்போவதில்லை. பழைய பூச்சு உறுதியாக இருந்தால் கீறலோடு விட்டுவிடுங்கள் என்பதே என் கட்சி. உரியத்தான் வேண்டுமென்றால், கழுத்து பூட்டும் பள்ளத்தில் தின்னர் தோய்த்த பஞ்சை வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் லக்கர். அது கரைப்பான் ஆவியாகிக் காய்ந்த பூச்சு, மறுபடி கரைப்பான் கண்டால் கரையும். அசையாவிட்டால் பொலியுரேதேன் அல்லது பொலியெஸ்டர். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டவை, கரையாது, சூடுகாட்டி இளக்கித்தான் சுரண்ட வேண்டும். ஒட்டுப்பலகையின் மேல் தாள் ஒரு மில்லிமீற்றர்கூட இராது. சாண்ட் பேப்பரை மெஷினில் மாட்டி ஓட்டினால் கண்மூடித் திறக்குமுன் அடுத்த படையின் குறுக்கு நார் வெளியே வந்துவிடும். கையால், கட்டையில் சுற்றி, நார் ஓடும் திசையில்.

ஆரையம்பதியில் தளபாடம் செய்யும் ஓடாவி ஒருவரிடம் கார்த்திகையில் லக்கர் அடிக்கக் கேட்டபோது, "வாடை நிக்கட்டும் மனே, இப்ப அடிச்சா வெள்ளை பூத்திரும்" என்றார். அந்த வெள்ளையின் விளக்கம் அழகானது. லக்கரில் இருக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும், பரப்பு குளிரும். 30 பாகை வெயிலில் ஈரப்பதன் 80 என்றால் பனிபடுநிலை 26 பாகை. நாலு பாகை குளிர்ந்தாலே காற்றின் ஈரம் லக்கரின் மேல் நீராகப் படிந்துவிடும். அந்த நீர் இன்னும் காயாத படலத்துக்குள் புகுந்து, லக்கரின் அடிப்படைப் பொருளான நைற்றோசெலுலோஸைக் கரைசலிலிருந்து பிரித்துவிட, நுண்ணிய வெற்றிடங்கள் உண்டாகி ஒளியைச் சிதறடிக்கின்றன. அதுதான் வெள்ளை. கச்சான் பகலில், 34 பாகையும் 50 சதவீதமுமாக இருக்கும்போது, பனிபடுநிலை 22 சொச்சம். பன்னிரண்டு பாகை இடைவெளி. பூக்க வழியே இல்லை. ஆனால் கச்சான் மணலையும் தூசியையும் சேர்த்தே கொண்டுவரும். ஆகவே காலையில், காற்று எழும்பு முன், நிலத்தில் தண்ணீர் தெளிக்காமல் அடிப்பது நல்லது. ஏற்கெனவே பூத்துவிட்டதா? உலர்ந்த நாளொன்றில் மெதுவாக ஆவியாகும் தின்னரை மெல்லிய புகையாக அடித்தால் படலம் மறுபடி இளகி, நீர் வெளியேறி, வெள்ளை மறையும்.

வாகனத்துக்குப் பெயின்ற் அடிக்கும் கராஜில் கொடுத்தால் இன்னும் உறுதியான பூச்சுக் கிடைக்கும், ஓட்டோச் சிவப்பில் ஒரு பேஸ் பார்க்கவும் லட்சணமாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே இரண்டு திரவம் கலந்து அடிப்பார்கள். கடினமாக்கியில் ஐசோசயனேற்று உண்டு. மூச்சில் போனால் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. வீட்டு விறாந்தையில் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு செய்கிற வேலை அல்ல.

எல்லாம் பூட்டியபின் தந்தியின் நடுவில், பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு நேரே, விரலை வெறுமனே தொட்டு ஹார்மோனிக் எடுங்கள். பிறகு அதே ஃபிரெட்டை அழுத்தி மீட்டுங்கள். அழுத்திய சுரம் உயர்ந்திருந்தால் பிரிட்ஜில் அந்தத் தந்தியின் இருக்கையைப் பின்னால் தள்ள வேண்டும். தடித்த தந்தி விறைப்பானது, அதிகமாகப் பின்னால் போகும். பிக்கப்பைத் தந்திக்கு மிக அருகே உயர்த்தினால் காந்தம் தந்தியை இழுத்துச் சுருதியைக் குழப்பும். கடைசி ஃபிரெட்டை அழுத்திய நிலையில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் விட்டால் போதும். லக்கர் அடித்த பேஸை ரப்பர் பூண்ட ஸ்ராண்டில் மட்டும் வைக்க வேண்டாம். ரப்பரை மிருதுவாக்கக் கலந்த இரசாயனம் லக்கருக்குள் ஊறி, தொட்ட இடமெல்லாம் பிசினாகிவிடும். பருத்தித் துணி சுற்றி வைத்தால் பயமில்லை.