மோட்டார்ஹோம் வாங்கும் முன் 3,500 கிலோ கணக்கு

மோட்டார்ஹோம் பார்க்கப் போகிறவர்கள் கட்டில் எத்தனை, குளியலறை எப்படி, அடுப்பில் எத்தனை பர்னர் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். ஐரோப்பாவில் வாங்குகிறவர் அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது 3,500 என்ற எண்ணை. சாதாரண கார் லைசென்ஸ், அதாவது பி வகுப்பு, 3,500 கிலோ வரையிலான வண்டிக்குத்தான் செல்லும். ஓட்டுநரைத் தவிர்த்து 8 இருக்கைக்கு மேல் இருக்கவும் கூடாது. 1968-இன் வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தமும் பி வகுப்புக்கு இதே எல்லையைத்தான் வைக்கிறது. ஆகவே சர்வதேச ஓட்டுநர் அனுமதியோடு வந்து வாடகைக்கு எடுப்பவருக்கும் இதில் விலக்கு இல்லை.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இந்த 3,500 என்பது வண்டி இப்போது என்ன எடை இருக்கிறது என்பதல்ல. ஆளும் சாமானும் ஏற்றியபின் எவ்வளவு வரை போகலாம் என்று பதிவாகியிருக்கும் எடை. பதிவுச் சான்றிதழில் எஃப்.2 என்ற கட்டத்தில் இது இருக்கும். அங்கே 3,850 என்று போட்டிருந்தால், வண்டி காலியாக இருந்தாலும் பி லைசென்ஸ்காரர் தொடக்கூடாது. 3,500 என்று இருந்தால் லைசென்ஸ் கவலை தீர்ந்தது. அப்புறம்தான் உண்மையான கவலை ஆரம்பம்.

அதே சான்றிதழில் ஜி என்ற கட்டத்தில் இருப்பது, ஓடத் தயாராக நிற்கும் வண்டியின் எடை. ஓட்டுநருக்கு 75 கிலோ, டேங்கில் 90 சதவீத எரிபொருள் எல்லாம் இதற்குள் அடக்கம். ஆனால் தண்ணீர்த் தொட்டியைப் பயண நிலை என்ற பெயரில் 20 லிட்டர் மட்டும் நிரப்பியதாகக் கணக்குக் காட்ட நிறுவனங்களுக்கு இடமுண்டு.

ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். ஜி கட்டத்தில் 3,060 கிலோ. மீதி 440. பரவாயில்லையே என்று தோன்றும். இன்னும் மூன்று பேர் ஏறினால் தலைக்கு 75 வீதம் 225 போயிற்று, மீதி 215. பின்னால் இரண்டு மின்சைக்கிள், அவற்றை மாட்டும் சட்டம் எல்லாம் சேர்த்து 65. பக்கவாட்டில் பந்தல் போல இழுத்து விரிக்கும் மறைப்பு 30. கூடுதல் பேட்டரி 25. மீதி 95. தொட்டி 100 லிட்டர் என்றால், முழுக்க நிரப்பும்போது இன்னும் 80 லிட்டர், அதாவது 80 கிலோ. மிச்சம் 15 கிலோ. நான்கு பேரின் துணிமணி, பாத்திரம், அரிசி பருப்பு எல்லாம் இதற்குள்!

இன்னொன்று. நிறுவனம் சொல்லும் எடையில் 5 சதவீதம் கூடவோ குறையவோ இருக்க விதி அனுமதிக்கிறது. 3,060-இல் அது 153 கிலோ. மேலே போட்ட கணக்கு முழுவதையும் விழுங்க அது ஒன்றே போதும்.

சாமானுக்கென்று குறைந்தபட்சம் இவ்வளவு இடம் விட வேண்டும் என்றும் ஐரோப்பிய விதி இருக்கிறது. ஓட்டுநரையும் சேர்த்து எத்தனை பேர், வண்டியின் நீளம் எத்தனை மீட்டர், இரண்டையும் கூட்டிப் பத்தால் பெருக்க வேண்டும். நான்கு பேர், 7 மீட்டர் என்றால் 110 கிலோ. சட்டத்துக்கு அது போதும்; இரண்டு வாரப் பயணத்துக்குப் போதுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ‘நாலு பேர் தாராளமாகப் படுக்கலாம்’ என்று விற்பவர் சொன்னால், நாலு பேர் சாமானோடு போகலாம் என்று அர்த்தமில்லை.

சரி, கனமான வண்டியையே வாங்கிவிட்டால்? 7,500 கிலோ வரை சி1 லைசென்ஸ் வேண்டும். தனித் தேர்வு, மருத்துவச் சான்று எல்லாம் உண்டு. 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். ஜெர்மனியில் 1999-க்கு முன்பும், பிரிட்டனில் 1997-க்கு முன்பும் கார் லைசென்ஸ் எடுத்தவர்களுக்குப் பழைய உரிமைப்படி 7,500 கிலோ வரை ஓட்ட இடமுண்டு. ஆனால் சாலை விதிகள் லைசென்ஸோடு முடிவதில்லை. 3,500-ஐத் தாண்டினால் ஆஸ்திரியாவில் கார்கள் நெடுஞ்சாலைக் கட்டணத்துக்காக ஒட்டும் ஸ்டிக்கர் செல்லாது; கிலோமீட்டர் கணக்கில் கட்டணம் எடுக்கும் கருவியைப் பொருத்த வேண்டும். ஜெர்மன் நெடுஞ்சாலையில் வேகம் 100-க்கு மேல் போகக்கூடாது.

இந்த எல்லை தளரப் போகிறது. பி லைசென்ஸிலேயே 4,250 கிலோ வரையிலான மோட்டார்ஹோமை, தனிப் பயிற்சி அல்லது தேர்வு முடித்து ஓட்ட வழிவிடும் புதிய விதிகளுக்கு ஐரோப்பிய நாடாளுமன்றம் 2025 அக்டோபரில் ஒப்புதல் தந்தது. உறுப்பு நாடுகள் தங்கள் சட்டத்தில் சேர்க்க 3 ஆண்டு, நடைமுறைக்குத் தயாராக மேலும் ஓர் ஆண்டு அவகாசம். உங்கள் நாட்டில் அது அமலுக்கு வரும்வரை 3,500-தான். இதை நம்பி இன்றே 4,000 கிலோ வண்டிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

பழைய வண்டி வாங்குவதாக இருந்தால், பணம் கைமாறும் முன் அதை எடைமேடைக்கு ஓட்டிப் போகச் சொல்லுங்கள். மொத்த எடையோடு முன்சக்கரம், பின்சக்கரம் தனித்தனியாகவும் போட்டுப் பாருங்கள். பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் வண்டிகளில் சைக்கிளை வால்பக்கம் ஏற்றியதும் மொத்தம் 3,500-க்குள் இருந்தாலும் பின் அச்சு அதன் வரம்பைத் தாண்டிவிடலாம். சோதனையில் அதுவும் தனிக் குற்றம். சாமானை இறக்கினால்தான் விடுவோம் என்று சாலையோரம் நிறுத்திவிடுவார்கள். இறக்க எதுவும் இல்லாவிட்டால் முதலில் திறக்க வேண்டியது தண்ணீர்த் தொட்டியின் வடிகுழாயைத்தான்.