நீல ஒளியும் மூன்று இதழ்க் குறியும்

1987 செப்டம்பரில் பிரேசில் நாட்டின் கோயானியா நகரத்தில், ஆளில்லாமல் கிடந்த ஒரு மருத்துவமனைக் கட்டடத்துக்குள் இரண்டு பேர் புகுந்தார்கள். அங்கே புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்துவந்த நிறுவனம் 1985-லேயே இடம் மாறிவிட்டது. சிகிச்சைக் கருவி மட்டும் அங்கேயே நின்றது. இரும்புக்கு விலை கிடைக்குமே என்று கருவியின் தலைப்பகுதியைக் கழற்றிக்கொண்டுபோய், முடிந்தவரை பிரித்து, காயலான் கடையில் போட்டார்கள். உள்ளே ஓர் உலோகக் குப்பி இருந்தது. குப்பிக்குள் இருந்தது சுமார் 93 கிராம் சீசியம் குளோரைடு. அதிலிருந்த சீசியம்-137 கதிரியக்கம் உடையது.

ஒரு நாள் இரவு, குப்பியிலிருந்து நீல ஒளி கசிவதைக் கடைக்காரர் பார்த்தார். விலைமதிப்பற்ற ஏதோ கிடைத்துவிட்டது, ஒருவேளை தெய்விகமானதாகக்கூட இருக்கலாம் என்று நினைத்தார். வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார். அக்கம்பக்கத்தார், உறவினர் எல்லாம் வந்து பார்த்தார்கள். அரிசிமணி அளவுத் துணுக்குகளை எடுத்துக் கொடுத்தார். சிலர் திருவிழா மினுக்குப் பொடிபோல அதை உடம்பில் பூசிக்கொண்டார்கள். சில வாரங்களில் நான்கு பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 1,12,000 பேரைப் பரிசோதித்ததில் 249 பேரின் உடம்பிலோ உடைமையிலோ கதிரியக்கப் பொருள் ஒட்டியிருந்தது.

இந்தக் கதையில் நீல ஒளி யாரையும் ஏமாற்றவில்லை என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். உள்ளே கதிர்வீச்சு நடக்கிறது என்பதன் நேரடி விளைவு அது. அணு உலைகளின் நீர்த்தொட்டியில் இதே நீலத்தைப் பார்க்கலாம். நீருக்குள் ஒளியின் வேகம் வெற்றிடத்தில் உள்ளதில் முக்கால் பங்காகக் குறைந்துவிடும். கதிரியக்கத்தால் தெறிக்கும் எலக்ட்ரான்கள் அந்தக் குறைந்த வேகத்தை மிஞ்சி ஓடும்போது, வேகமாகப் போகும் படகின் மூக்கிலிருந்து அலை விரிவதைப்போல நீல ஒளி விரிகிறது. செரன்கோவ் கதிர்வீச்சு என்று இதற்குப் பெயர். கோயானியாவின் உப்பு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டதால் இதுவே நடந்திருக்கலாம், அல்லது உப்பு தானே ஒளிர்ந்திருக்கலாம். எப்படியானாலும் ஒளிக்குக் காரணம் கதிர்வீச்சுதான்.

இதைத்தான் வெளிப்பாடு என்கிறோம். காரணம் தள்ள, விளைவு வெளியே வருகிறது. பார்க்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரும். மலையில் புகையைக் கண்டு நெருப்பு உண்டென்று அறிவது இந்த வகை. மணிமேகலையில் அறவண அடிகள் தருக்கம் கற்பிக்கும்போதும் மலை, புகை, அடுக்களை என்று இந்த எடுத்துக்காட்டைத்தான் கையாளுகிறார்.

இப்போது கதிர்வீச்சைப் பற்றிய இன்னோர் அடையாளத்தைப் பாருங்கள். நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி மூன்று இதழ்கள், மஞ்சள் பின்னணி. 1946-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் இருந்த கதிர்வீச்சு ஆய்வுக்கூடத்தில் சிலர் உட்கார்ந்து வரைந்தது. அப்போது நீலப் பின்னணியில் கருஞ்சிவப்பாக இருந்தது. மஞ்சள் பின்னால் வந்தது. அணுவிலிருந்து கதிர் பரவுவதாக மனத்தில் வைத்து வரைந்தார்களாம். சொல்லித்தராமல் அது யாருக்குத் தெரியும்? மின்விசிறி இறக்கை என்றுதான் எனக்குத் தோன்றியிருக்கும். 1961-இல் அமெரிக்க அரசு அணுகுண்டுத் தாக்குதலின்போது பதுங்கும் இடங்களுக்கு ஒரு பலகை வைத்தது. அதிலும் மூன்று முக்கோணங்கள், கறுப்பும் மஞ்சளும். ஒன்று ‘கிட்டே வராதே’ என்கிறது; ஏறத்தாழ அதே உருவம் இன்னோர் இடத்தில் ‘உள்ளே வா, உயிர் பிழைப்பாய்’ என்கிறது.

குறியீட்டின் இயல்பே அதுதான். உருவத்துக்கும் பொருளுக்கும் நடுவே மனிதர்கள் செய்துகொண்ட உடன்பாடு தவிர வேறு கயிறு இல்லை. அமெரிக்கத் தத்துவ அறிஞர் சார்லஸ் சாண்டர்ஸ் பர்ஸ் 19-ஆம் நூற்றாண்டில் அடையாளங்களை இப்படித்தான் பிரித்தார். காற்றாடி காட்டும் திசை, நோயின் அறிகுறி, துப்பாக்கிக் குண்டு போட்ட ஓட்டை எல்லாம் காரணத்தோடு கட்டுண்டவை. சொற்கள் வழக்கத்தால் மட்டும் நிற்பவை. வடிவத்தின் ஒப்புமையால் சுட்டும் படம் என்று இன்னொரு வகையையும் வைத்தார்.

உயிரியல் அபாயத்துக்கு இன்று உலகெங்கும் உள்ள குறி பிறந்த விதம் இன்னும் வேடிக்கையானது. 1966-இல் டவ் கெமிக்கல் நிறுவனத்தின் சார்லஸ் பால்ட்வினும் கூட்டாளிகளும் பல வடிவங்களை மக்களிடம் காட்டினார்கள். பார்த்தால் மறக்கக் கூடாது, ஆனால் எந்தப் பொருளும் தோன்றக் கூடாது. அப்படி ஒன்றைத் தேடிப் பிடித்து, அதில் பொருளை நிரப்பினார்கள்.

அப்படியானால் வெளிப்பாட்டையே நம்பி இருக்கக் கூடாதா, எதற்குக் குறி? கதிர்வீச்சு நோயின் போக்கைப் பார்த்தால் விடை கிடைக்கும். கதிர் பட்டவர் வந்தால் மருத்துவர் முக்கியமாகக் கேட்பது, வாந்தி எப்போது தொடங்கியது என்பது. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு என்றால் பட்ட அளவு பெரும்பாலும் 2 கிரேக்குள் இருக்கும் (உடம்பு வாங்கிய கதிர்வீச்சை அளக்கும் அலகு கிரே). ஒரு மணி நேரத்துக்குள் என்றால் 4 கிரேயைத் தாண்டியிருக்கலாம். அந்த அளவில், சிகிச்சை இல்லாவிட்டால் ஏறத்தாழப் பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள். காரணம் கூடினால் வெளிப்பாடும் விரைகிறது. இது குறியீட்டால் முடியாத காரியம். மூன்று இதழ்க் குறி சிறிய ஆய்வுக்கூடப் புட்டியிலும் ஒன்றுதான், ஊரையே காலி செய்ய வைக்கும் கருவியிலும் ஒன்றுதான்.

ஆனால் வாந்தி நின்றதும் நோயாளி தெளிந்துவிடுவார். சில நாள், சில சமயம் சில வாரம், ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்களை உண்டாக்கும் தாய்ச்செல்கள் அழிந்திருக்கும். ஏற்கெனவே ரத்தத்தில் ஓடும் அணுக்கள் மட்டும் தம் ஆயுள் முடியும்வரை வேலை செய்துகொண்டிருக்கும். அவை தீர்ந்து, ஈடுசெய்யப் புதியவை வராதபோதுதான் ரத்தக்கசிவும் தொற்றும் வெளியே தெரியும். போதாததற்கு, இதே வாந்தியும் வயிற்றுப்போக்கும் நூறு நோய்களுக்கு உண்டு. கோயானியாவில் சிலருக்கு வெப்பமண்டல நோய் என்றே மருத்துவர்கள் முதலில் நினைத்தார்கள். கடைக்காரரின் மனைவிதான், அந்தப் பொடி வீட்டுக்கு வந்த பிறகே எல்லோரும் படுக்கிறார்கள் என்று முடிச்சுப்போட்டார். அதை ஒரு பையில் போட்டு, பஸ்ஸில் ஏற்றி, சுகாதார அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். புகையிலிருந்து நெருப்புக்குப் போன அதே வழி. பின்னர் இறந்த நால்வரில் அவரும் ஒருவர்.

ஆக, வெளிப்பாடு வரும்போது காரியம் முடிந்திருக்கும். முன்கூட்டியே சொல்ல வேண்டுமானால் குறியீடு வேண்டும். அதற்கோ படித்த கண் வேண்டும். 2000-இல் தாய்லாந்தின் சமுத் பிரக்கானில் கோபால்ட்-60 இருந்த பழைய சிகிச்சைக் கருவி காயலான் கடைக்கு வந்தது. அதன்மேல் மூன்று இதழ்க் குறி இருந்தது, அயல்மொழியில் எச்சரிக்கையும் இருந்தது. அறுத்தவர்களுக்கு இரண்டும் வெறும் கிறுக்கல். மூன்று பேர் இறந்தார்கள். 2010-இல் டெல்லி மாயாபுரியிலும் இதே கோபால்ட், இதே காயலான் கடை. ஒரு பல்கலைக்கழகம் பயன்படுத்தாமல் கிடந்த கருவியை ஏலத்தில் விட்டிருந்தது, ஒருவர் இறந்தார். குறியைப் படிக்கத் தெரியாததற்கு அந்தத் தொழிலாளிகளைக் குறை சொல்வது அநியாயம். உடன்பாடு எழுதப்பட்டபோது அவர்களை யாரும் கூப்பிடவில்லை.

இரண்டுக்கும் நடுவே ஒரு தந்திரம் நம் அடுக்களையிலேயே இருக்கிறது. சமையல் கேஸுக்கு, அதாவது புரொப்பேன், பியூட்டேன் கலவைக்கு, இயல்பில் வாடையே இல்லை. நாம் கேஸ் வாடை என்பது எத்தில் மெர்காப்டான் என்ற கந்தகச் சேர்மத்தின் வாடை. கசிவு தெரிவதற்காக அதைத் துளியளவு கலக்கிறார்கள். 1937 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சஸில், நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாடையில்லாத இயற்கை எரிவாயு கசிந்து வெடித்து ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். வாடை சேர்ப்பது சட்டமானது அதற்குப் பிறகுதான். இந்த நாற்றம் பிறப்பால் குறியீடு, மனிதர் முடிவுசெய்து சேர்த்தது. வேலை செய்வதோ வெளிப்பாடாக. கசிவோடு கிளம்பும், கசிவு கூடினால் கூடும், எழுதப் படிக்கத் தெரியாதவர் மூக்கிலும் ஏறும்.

சீசியத்துக்கும் கோபால்ட்டுக்கும் இப்படி ஒரு வாடையைக் கட்டிவிட முடியாது. மூடிய குப்பியிலிருந்து வெளியே வருவது காமாக் கதிர் மட்டும். வாடை தொற்றிக்கொண்டு வரப் பொருள் எதுவும் வெளியே வருவதில்லை.

எனவே படத்தைத்தான் மாற்றினார்கள். சர்வதேச அணுசக்தி முகமையும் சர்வதேசத் தர அமைப்பும் 2007 பிப்ரவரியில் புதிய எச்சரிக்கையை அறிவித்தன. சிவப்பு முக்கோணம், மேலே மூன்று இதழ்க் குறி, அதிலிருந்து கீழே பாயும் கதிர்கள், ஒரு பக்கம் மண்டையோடும் எலும்பும், மறுபக்கம் ஓடும் மனிதன். இந்தியா உட்பட 11 நாடுகளில் 1,650 பேரிடம் காட்டிச் சோதித்துத் தேர்ந்தெடுத்தது. ஓடும் மனிதன் பர்ஸ் சொன்ன பட வகை, பார்த்த மாத்திரத்தில் ஒப்புமையால் புரிவது. பழைய குறியையும் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கதவிலும் வண்டியிலும் அதுவே தொடர்கிறது. புதியதை ஒட்டும் இடம் கருவியின் வெளி உறைக்கு அடியில். சாதாரணமாகக் கருவியைப் பயன்படுத்துகிறவர் கண்ணில் அது படாது. உறையைக் கழற்றுகிறவருக்கு மட்டும்தான் தெரியும்.