ஒன்பதாம் வகுப்பில் கைக்கு வரும் டி.சி.

வழக்கில் சிக்கிய சிறார்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்தில் ஒரு பையனை முதலில் பார்க்கும்போது அவன் மேல் உள்ள வழக்கைப் பற்றி நான் கேட்பதில்லை. அதுதான் கோப்பில் இருக்கிறதே. எந்த வகுப்போடு படிப்பு நின்றது, அன்றைக்கு யார் என்ன சொன்னார்கள் என்று கேட்பேன். ஆற்றுப்படுத்துநர் (கவுன்சிலர்) வேலையில் நான் அடிக்கடி கேட்ட பதில், “ஒன்பதாவது சார்.”

தமிழ்நாட்டில் எட்டாவது வரை எல்லோரும் தேர்ச்சி. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஐந்தாவதிலேயே ஃபெயில் போட்டிருந்தால் இந்தப் பையன்கள் இன்னும் சின்ன வயதிலேயே தெருவுக்கு வந்திருப்பார்கள். ஆனால் தமிழையே எழுத்துக் கூட்டிப் படிப்பவன் திடீரென்று ஒன்பதாவது இயற்கணிதத்தின் முன்னால் உட்கார வேண்டியிருக்கிறது. அடுத்த வருடம் பொதுத்தேர்வு வேறு. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் தலைமையாசிரியர்தான் மேலே பதில் சொல்லியாக வேண்டும். அதனால் சில பள்ளிகளில், “டி.சி. வாங்கிட்டுப் போங்க, தனித்தேர்வரா எழுதிக்கட்டும்” என்று அம்மாவிடம் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடுகிறார்கள். வேலைக்குப் போன இடத்தில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு வந்திருக்கும் அந்த அம்மா, மறு கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

சட்டமும் இந்த வயதில்தான் கையை விடுகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கும்தான். பள்ளியை விட்ட பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, சிறப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று அதன் 4ஆம் பிரிவு சொல்வதும் இந்த வயதினருக்காகத்தான். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016இல் வந்த திருத்தம், 14 தாண்டியவர்களுக்கு ஆபத்தான தொழில்களை மட்டுமே தடுக்கிறது. இளைஞர் நீதிச் சட்டம், 2015, 18 வயது வரை அவனைக் குழந்தை என்கிறது. ஆக, 15 வயதுப் பையனைப் பள்ளியில் உட்கார வைக்கும் சட்டக் கடமை யாருக்கும் இல்லை. அவன் குற்றம் செய்த பிறகு குழந்தையாக நடத்தும் கடமை மட்டும் இருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும்.

டி.சி. வாங்கியவன் கேட்டரிங், மெக்கானிக் கடை என்று போவான். வேலை இல்லாத நாளில் ஏரியா அண்ணன் இருக்கிறார். சாப்பாடு வாங்கிக் கொடுப்பார், பைக் ஓட்டக் கொடுப்பார், பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பொட்டலம் கொண்டுபோகச் சொல்வது அதற்கப்புறம்தான். 18 வயதுக்குக் கீழே என்றால் சீக்கிரம் வெளியே வந்துவிடுவான் என்ற கணக்கு அவருக்குத் தெரியும். சிறாரைச் சட்டவிரோதக் காரியத்துக்குப் பயன்படுத்தினால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 83ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை கடுங்காவல், 5 லட்சம் ரூபாய் அபராதம் என்பது எத்தனை பேருக்குத் தெரியுமோ.

இவர்களுக்கென்று தனிப் பள்ளி வைத்தால் எப்படி இருக்க வேண்டும்? முதலில் பாடப்புத்தகம். மீசை முளைத்த பையன் கையில் அணில், ஆடு படம் போட்ட புத்தகத்தைக் கொடுத்தால் மறுநாள் வரமாட்டான். எல்.எல்.ஆர். தேர்வுக் கேள்விகளைக் கொடுத்துப் பாருங்கள். லைசென்ஸ் ஆசையில், எழுத்துக் கூட்டியாவது படித்துவிடுவான். காலையில் பாடம், மதியம் கைத்தொழில். வராத நாளில் அன்று மாலையே ஓர் ஆள் வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு வாரம் கழித்துப் போனால், அதற்குள் அவனுக்கு வேறு கூட்டாளிகள் கிடைத்திருப்பார்கள். குழு சிறியதாக இருக்கட்டும். அடிதடி வழக்குள்ளவர்களை மட்டும் ஒரே அறையில் போட்டால் ஒருவரிடமிருந்து ஒருவர் அதையே கற்றுக்கொள்வார்கள்.

அமெரிக்காவின் சிகாகோவில் ‘பிகமிங் எ மேன்’ என்று ஒரு திட்டம் உண்டு. பள்ளி நேரத்திலேயே பையன்களைச் சிறு குழுவாக உட்கார வைக்கிறார்கள். அதில் ஒரு பயிற்சி: ஒருவன் கையில் பந்து, 30 விநாடிக்குள் அந்தக் கையைத் திறந்து எடு என்று இன்னொருவனிடம் சொல்வார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் மல்லுக்கட்டுவார்கள். “பந்தைக் கொடேன்” என்று கேட்டுப் பார்க்கலாமே என்று அதற்குப் பிறகுதான் பேச்சு தொடங்கும். திட்டம் நடந்த காலத்தில் வன்முறைக் குற்றங்களுக்கான கைது 45 முதல் 50 விழுக்காடு வரை குறைந்ததாக சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். திட்டம் முடிந்த பிறகு அந்தக் குறைவு நிலைக்கவில்லை. ஆறு மாதப் பயிற்சி கொடுத்து, சான்றிதழோடு குழுப்படம் எடுத்து முடித்துக்கொள்ளும் நம்மூர் முகாம்களை நடத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பெற்றோருக்குச் சில விவரங்கள். வருகை குறைவு, மதிப்பெண் குறைவு என்று டி.சி. வாங்கச் சொன்னால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பள்ளிக்கல்வித் துறையின் 14417 உதவி எண்ணுக்கோ குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கோ பேசுங்கள். பள்ளி வேண்டவே வேண்டாம் என்கிற பையனுக்கு, எட்டாவது தேர்ச்சியோடு வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகள் அரசு ஐ.டி.ஐ.யில் இருக்கின்றன, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் இலவச பஸ் பாஸும் உண்டு. ஏற்கெனவே வழக்கில் சிக்கியவன் என்றாலும் படிப்பு முடிந்துபோய்விட்டதாக நினைக்க வேண்டாம். 16 வயதுக்கு மேல் கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்டவர்களைத் தவிர மற்றவர்களுக்கு, பழைய வழக்கு எந்தத் தகுதியிழப்புக்கும் காரணமாகாது என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு. பழைய வழக்கைக் காட்டிச் சேர்க்க மறுத்தால், உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் எழுதிக் கொடுங்கள்.