பட்டென்று சத்தம் கேட்டால் அது சுளுக்கு இல்லை

காரைக்குடியில் பிசியோதெரபி பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் முட்டி தேய்ந்த ஆச்சிகள்தான் அதிகம். இப்போது சில வருடங்களாக ஃபுட்பால் ஆடுகிற பெண்பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்கள் ஆட வந்திருப்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் பலர் என்னிடம் வந்து சேரும்போது காலம் கடந்துவிடுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

புதுவயல் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பிள்ளையை அவள் அப்பத்தா கூட்டி வந்தார். ப்ளஸ் ஒன் படிக்கிறாள், மிட்ஃபீல்டில் ஆடுகிறவள். முட்டியில் பச்சிலைப் பத்துப் போட்ட கறை இன்னும் போகவில்லை. என்ன நடந்தது என்று கேட்டேன்.

“பந்தை வாங்கித் திரும்புனேன் மேடம். யாரும் மேல வந்து இடிக்கலை. உள்ள பட்டுன்னு ஒரு சத்தம். அப்புறம் காலை ஊன முடியலை.”

“சுளுக்குத்தான் தாயி, எண்ணெய் போட்டு நீவி விட்டோம்” என்றார் அப்பத்தா.

அன்று சாயங்காலத்துக்குள்ளேயே முட்டி தேங்காய் மாதிரி வீங்கியிருக்கிறது. மறுநாள் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் கட்டுப் போட்டு, வீக்கம் வடிந்ததும் மறுபடி ஆடப் போய்விட்டாள். இரண்டாவது மேட்சில் முட்டி நழுவி விழுந்தாள். முதல் அடியில் கிழிந்தது ஜவ்வு. இரண்டாவது அடியில் எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற மெனிஸ்கஸும் கிழிந்தது. அவளுடைய தொடை எலும்பைப் பிடித்துக்கொண்டு கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்த்தேன். நல்ல காலில் சட்டென்று ஒரு பிடி நிறுத்தும். அடிபட்ட காலில் அந்தப் பிடியே இல்லை.

இந்த ஜவ்வுக்கு ஏசிஎல் என்று பெயர். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும், திரும்பும்போது முறுக்கிக்கொள்ளாமலும் பிடித்து வைப்பது இதுதான். ஃபுட்பாலில் இந்த ஜவ்வு கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். பெரும்பாலும் யாரும் மோதியே இருக்க மாட்டார்கள். வேகமாக வந்து நிற்பது, காலை ஊன்றித் திரும்புவது, குதித்து இறங்குவது, இவற்றில்தான் போகிறது. மிட்ஃபீல்டருக்கு ஆட்டமே அதுதான். பெரிய அளவில் ஆடுகிறவர்கள் ஒரு மேட்சில் 10 கிலோமீட்டர் வரை ஓடுகிறார்கள். அதில் நேராக ஓடுவது குறைவு, நின்று திரும்பி ஓடுவதுதான் நிறைய. நம் ஊர் செம்மண் மைதானம் மழை பெய்து காய்ந்தால் கல்லாக இறுகிவிடும். அதில் அண்ணனுடைய பழைய பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஆடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பூட்ஸுக்குள் பாதம் நழுவினால் அந்த முறுக்கு முட்டிக்குப் போகும்.

பெற்றோரும் பி.டி. டீச்சர்களும் இதை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் கேட்டு, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் முட்டி வீங்கினால், உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். சாதாரணச் சுளுக்கு அவ்வளவு சீக்கிரம் வீங்காது. நீவக் கூடாது, சூடு வைக்கக் கூடாது. ஐஸை துணியில் சுற்றி வையுங்கள், காலை உயர்த்தி வையுங்கள், எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போங்கள். எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. கையால் சோதித்துப் பார்க்க வேண்டும், எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். படியிறங்கும்போது ‘முட்டி விட்டுப் போகுது’ என்று பிள்ளை சொன்னால் அன்றோடு ஆட்டத்தை நிறுத்துங்கள்.

ஆபரேஷன் முடிந்து வரும் பிள்ளைகள் எல்லோரும் முதல் நாளே கேட்பது, எப்போது ஆடலாம் என்பதுதான். குறைந்தது ஒன்பது மாதம் என்றதும் முகம் வாடிவிடும். அலெக்ஸியா புட்டெயாஸைப் பற்றி அவர்களிடம் சொல்வேன். ஸ்பெயினின் மிட்ஃபீல்டர், 2021-லும் 2022-லும் உலகின் சிறந்த வீராங்கனைக்கான பாலோன் டோர் வாங்கியவர். 2022 ஜூலையில், யூரோ கோப்பை தொடங்குவதற்கு முந்தைய நாள் பயிற்சியில் அவருக்கு இதே ஜவ்வுதான் கிழிந்தது. மறுபடி மேட்சில் இறங்கியது 2023 ஏப்ரல் கடைசியில். அந்த வருடமே ஸ்பெயின் உலகக் கோப்பையை ஜெயித்தபோது அவரும் அணியில் இருந்தார். அவ்வளவு வசதி இருந்தவருக்கே பத்து மாதம் ஆகியிருக்கிறது.

ஆறாவது மாதம்தான் ஆபத்தான மாதம். வலி இருக்காது, ஓட முடியும், ஜோனல் மேட்ச் வந்திருக்கும். அந்தப் புதுவயல் பிள்ளை அப்போது சண்டையே போட்டாள். டேப்பை எடுத்துத் தொடையை அளந்து காட்டினேன். ஆபரேஷன் ஆன கால் இரண்டரை சென்டிமீட்டர் மெலிந்திருந்தது. அப்புறம் ஆத்தங்குடிக் கல் பதித்த எங்கள் வராந்தாவில் சாக்பீஸால் கோடு போட்டு ஒற்றைக்காலில் தாண்டச் சொன்னேன். நல்ல காலில் 140 சென்டிமீட்டர். மற்ற காலில் 98. அந்தக் காலில் குறைந்தது 126, அதாவது நல்ல காலில் தாண்டுவதில் தொண்ணூறு சதவீதம், தாண்டட்டும், அப்புறம் பந்தைத் தொடுவதைப் பற்றிப் பேசலாம் என்றேன். அழுதாள். ஆனால் அடுத்த நாள் காலையில் எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

வராமல் தடுக்கவும் வழி இருக்கிறது. ஃபிஃபா 11 பிளஸ் என்ற வார்ம்-அப் இருக்கிறது. 15 பயிற்சிகள், 20 நிமிடம், பந்து தவிர வேறு சாமான் வேண்டாம். முட்டி உள்பக்கமாக மடங்காமல் குதித்து இறங்கச் சொல்லித் தருவதுதான் அதில் முக்கியம். வாரம் இரண்டு தடவையாவது செய்யுங்கள். மைதானத்தை இரண்டு சுற்று ஓடினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். சாப்பாட்டையும் கவனியுங்கள். மூன்று மாதம் மாதவிலக்கு வரவில்லை என்றால் வசதியாகப் போயிற்று என்று விடாதீர்கள். ஆடுகிற அளவுக்குச் சாப்பிடவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

இவ்வளவு சொல்லக் காரணம், இன்று இந்தப் பிள்ளைகளுக்குப் போக ஒரு பாதை இருக்கிறது. கடலூரிலிருந்து போன இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு மிட்ஃபீல்டில் ஆடினார், தமிழ்நாடு போலீஸில் எஸ்.ஐ. ஆனார். நமக்கு இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கும் மதுரையின் சேது எஃப்சி 2018-19-இல் இந்தியப் பெண்கள் லீகையே ஜெயித்தது.

போன வாரம் அந்தப் புதுவயல் பிள்ளை 121 தாண்டினாள். சாக்பீஸ் கோட்டை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.