இறால் ஓட்டைப் பொடித்தால் கைட்டோசான் ஆகிவிடாது

போன வாரம் தூத்துக்குடி சுய உதவிக் குழு அக்கா ஒருவர் என் மேசையில் ஒரு டப்பாவை வைத்தார். 'கைட்டோசான் ஃபேஸ் பேக்' என்று லேபிள். கைட்டோசான் என்பது இறால், நண்டு ஓட்டிலிருந்து வேதிமுறையில் பிரித்துச் செய்யும் பொருள். உள்ளே இருந்தது, வெயிலில் காயவைத்து மிக்ஸியில் அடித்துச் சலித்த இறால் ஓடு. போட்டுப் பார்த்த மகளுக்குக் கன்னம் தடித்து இமை வீங்கிவிட்டதாம். முதலில் தோல் மருத்துவரிடம் போகச் சொன்னேன். இந்த வருடம் என்னிடம் வந்த நாலாவது டப்பா இது. பொறுமை போய்விட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு ஸ்பூன் பொடியில் வினிகர் விட்டுக் காட்டினேன். புஸ்ஸென்று நுரைத்தது. "பாத்தீங்களா, சுண்ணாம்பு அப்படியே இருக்கு." ஓட்டில் கைட்டின் என்ற நார்ப்பொருளோடு கால்சியம் கார்பனேட்டும் (அதுதான் அந்தச் சுண்ணாம்பு) புரதமும் பின்னிக் கிடக்கின்றன. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சுண்ணாம்பு போகவேண்டும்; நீர்த்த காஸ்டிக் சோடாவில் புரதம் போகவேண்டும். மிஞ்சுவது கைட்டின். அதை 40–50 சதவீதக் காஸ்டிக் கரைசலில் சூடாக்கிய பிறகுதான் கைட்டோசான். வெயில் ஈரத்தை எடுக்கும், அவ்வளவுதான். மிக்ஸி பொடியாக்கும், அவ்வளவுதான். எத்தனை நைசாக அரைத்தாலும் ஓடு ஓடுதான். நல்ல கைட்டோசான் நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் (வினிகரில் இருக்கும் அமிலம்தான்) நுரைக்காது; கஞ்சி போலக் கொழகொழவென்று கரையும்.

"இயற்கைதானே சார்?" என்றார். இறால் ஒவ்வாமைக்கு முக்கியக் காரணமான ட்ரோபோமயோசினும் இயற்கைதான். கொதிக்கவைத்தாலே அசையாத புரதம் அது, வெயிலுக்கா போகும்? மகளுக்கு இறால் சாப்பிட்டால் நாக்கு நமைக்கும் என்பதை அப்புறம்தான் சொன்னார்!

உடனே காஸ்டிக் வாங்க ஓடாதீர்கள். அடுப்படியில் அந்தக் கரைசல் தெறித்தால் கண் போய்விடும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதற்கான செய்முறையை உருவாக்கியிருக்கிறது, அங்கே கேளுங்கள். உரிக்கும் இறாலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தலையும் ஓடுமாகவே போகிறது. வீணாக்கக் கூடாது என்ற உங்கள் எண்ணம் சரி. ஆனால் ஓட்டை உடனே ஐஸில் வையுங்கள், கறுத்ததையும் நாறியதையும் தொடாதீர்கள், சுத்தமாகக் காயவைத்து கைட்டின் ஆலைக்கு விற்றுவிடுங்கள். முகத்தில் பூசும் பொருளைச் செய்து விற்க 2020ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி உரிமம் வேண்டும். அந்த எண் லேபிளில் இருக்கவேண்டும். வாங்குபவர்களும் அதைத் தேடிப் பாருங்கள். பூசியபின் மூச்சு முட்டினால் நேராக ஆஸ்பத்திரிக்கு.

அந்த அக்காவிடம் கடைசியாக ஒன்றுதான் கேட்டேன். "இதுவரைக்கும் எத்தனை டப்பா வித்தீங்க?" முப்பது என்றார். தயவுசெய்து அத்தனை வீட்டுக்கும் இன்றைக்கே போன் போட்டுத் திரும்ப வாங்கிவிடுங்கள் அக்கா.