ஏற்காட்டிலிருந்து இறங்கிய இரண்டு கார்கள்

கோரிமேட்டுப் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவனுக்கு மே மாத ஞாயிறு சாயங்காலம் என்றால் பிரேக் லைனிங் கருகிய வாடைதான். மலையிலிருந்து இறங்கும் வண்டிகளோடு அதுவும் இறங்கி வரும்.

போன கோடையில் ஒரே சாயங்காலம் இரண்டு வண்டிகள் வந்தன. ஒன்று ஆறு வருஷமான 800 சிசி ஹேட்ச்பேக், உள்ளே ஐந்து பேர். "அண்ணே, பிரேக் மிதிச்சா பெடல் தரையைத் தொடுதுங்க" என்றார் ஓட்டி வந்தவர். கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. இன்னொன்று 1960களின் எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார். 1798 சிசி, இரண்டு கார்பரேட்டர். அதை ஓட்டி வந்தவருக்கு பிளக் கிளீன் பண்ணினால் போதுமாம்.

நியாயமாகப் பார்த்தால் பழைய வண்டிக்குத்தான் பயப்பட வேண்டும். அதில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லை, மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பூஸ்டர் இல்லை. பிரேக் ஆயில் போகும் லைனும் ஒரே சர்க்யூட். ஓரிடத்தில் கசிந்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு. ஹேட்ச்பேக்கில் இரண்டு சர்க்யூட். மற்றபடி இரண்டிலுமே முன்னால் டிஸ்க், பின்னால் டிரம்.

ஹேட்ச்பேக்கின் பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தேன். காபி டிகாக்‌ஷன் நிறம். வாங்கியதிலிருந்து மாற்றவே இல்லை. "லெவல் குறையலைங்களே" என்றார். லெவல் சரிதான், சரக்கு கெட்டுப்போயிருந்தது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கும். புது டாட் 3 ரக ஆயில் கொதிக்கக் குறைந்தது 205 டிகிரி சூடு வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். ஊருக்குள் ஓட்டும்வரை இது தெரியாது. 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பெடலிலிருந்து காலை எடுக்காமல் இறங்கினால், டிஸ்க்கைக் கவ்வும் பேடின் சூட்டில் ஆயில் கொதித்து உள்ளே ஆவிக்குமிழி கட்டும். அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் குமிழிதான் நசுங்கும், பேட் டிஸ்க்கைப் பிடிக்காது. அரை மணி நேரம் ஆறவிட்டால் பெடல் பழையபடி ஆகிவிடும். சரியாகிவிட்டது என்று அப்படியே வீட்டுக்குப் போகிறவர்கள் பாதிப் பேர்.

எம்ஜிபிக்காரர் வருஷாவருஷம் ஆயில் மாற்றுகிறவர். பூஸ்டர் இல்லாத பெடலை மிதித்து மிதித்துக் கால் கடுக்கும் என்பதால், இரண்டாவது கியரில் போட்டு இன்ஜின் பிடிப்பிலேயே இறங்கியிருக்கிறார். ஹேட்ச்பேக்காரரோ பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று நியூட்ரலில் விட்டிருக்கிறார். இன்ஜெக்‌ஷன் வண்டியில் (கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் விடும் வகை, இவருடையதும் அதுதான்) கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரை விட்டால் இன்ஜினுக்கு பெட்ரோலே போகாது; நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்குச் செலவாகும். மிச்சம் பிடித்த லட்சணம் அது!

என்னைக் கேட்டால், பிள்ளைகுட்டியோடு மலை ஏற இன்றைக்கும் ஹேட்ச்பேக்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள், ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பெடல் மெத்தென்று ஆனால், கியரைக் குறைத்து, கைபிரேக்கைப் பையப் பைய இழுத்து, மலைச்சுவர் பக்கமாக ஒதுங்கி நின்றுவிடுங்கள்.

அன்று ஹேட்ச்பேக்குக்கு ஆயில் மாற்றி, லைனிலிருந்து ஏர் எடுத்து முடிக்க இருட்டிவிட்டது. வடித்த ஆயிலை பாட்டிலில் ஊற்றி அவர் கையிலேயே கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.